பத்தடி தள்ளி ஒரு கிரில் அடுப்பு

இனி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட மச்சினனுக்குத் தாரை வார்ப்பதில்லை என்று நார்பர்ட் முடிவெடுத்தார். மினசோட்டாவில் கோடை கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அந்தக் கோடையில் அவருடைய படகு கொல்லைப்புற வேலியோரம் காய்ந்துகொண்டிருந்தது. அவரோ வீட்டுக்குப் பின்னால், மரத் தளத்தில் கேஸ் கிரில் அடுப்பு முன்னால் நின்று, மனைவி ஆர்லீனின் தம்பி க்ளேட்டனுக்கும் அவன் பட்டாளத்துக்கும் வாரந்தவறாமல் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். ஏரியில் மீன்களெல்லாம் நிம்மதியாக இருந்தன.

வழி வானொலியில் பிறந்தது. ஊர்த் தீயணைப்புத் துறையின் விதிகளை யாரோ வாசித்தார்கள். நார்பர்ட் சமையலறைக்கு ஓடினார்.

“கேட்டியா ஆர்லீன்? நாலு வீடு ஒட்டிக் கட்டின மரக் கட்டடம் நம்மளுது. செவுத்துலேர்ந்து பத்தடிக்குள்ள கேஸ் கிரில் பத்த வைக்கக் கூடாதாம். சிலிண்டரை கராஜ்லயும் வைக்கக் கூடாதாம். உன் தம்பிகிட்ட நீயே பதமா சொல்லிடு.”

“இத்தனை வருஷமா பத்த வச்சீங்களே, அப்ப மட்டும் இது இரும்பாவா இருந்துச்சு?”

“அப்ப தெரியாது. தெரிஞ்சப்புறம் செஞ்சா குத்தம்.”

ஆர்லீன் வெங்காயம் நறுக்கத் திரும்பிவிட்டாள். அதற்கே அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படாமல், மனைவி முன்னாலேயே அதிகாரி வாயால் சொல்ல வைத்துவிடலாம் என்று தானே தீயணைப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

ஆய்வாளர் திருமதி ஹால்வர்சன் வந்தார். மரத் தளத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இங்கே கூடவே கூடாது. கராஜிலிருந்த சிலிண்டரையும் வெளியே எடுக்கச் சொன்னார். நார்பர்ட்டின் முகத்தில் பல்பு எரிந்தது. ஆர்லீன் அந்த அம்மாளுக்குக் காபி கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“பத்தடிக்கு அந்தப் பக்கம் வச்சுக்கலாங்களா?”

“தாராளமா. சிலிண்டரும் அங்கயே வெளியில, நிமிர்ந்து நிக்கட்டும்.”

அளவு நாடா வந்தது. யாரும் சொல்லாமலே ஆர்லீன் அதன் ஒரு முனையைச் சுவரில் பிடித்துக்கொண்டாள். மறுமுனை புல்வெளியைத் தாண்டிப் போய், பத்தாவது அடியில் படகின் வயிற்றில் முட்டியது. படகுக்குப் பின்னால் பூனை நுழையக்கூட இடமில்லை. படகை நகர்த்தினால் இடம் சரியாக இருக்கும் என்றார் ஆய்வாளர்.

கராஜுக்குள் விடலாமென்றால் படகு அதைவிட நீளம். தெருவில் நிறுத்தலாமா என்று நார்பர்ட் முனகினார்.

“நகராட்சி ஒத்துக்காதுங்க. தெரிஞ்சப்புறம் செஞ்சா குத்தம்,” என்றாள் ஆர்லீன்.

அந்தப் படகு அவர் ஆசை ஆசையாக வாங்கியது. விற்கச் சொல்லிவிடுவாளோ என்று அதன் முன்னால் போய் மறைத்து நின்றுகொண்டார். ஆனால் ஆர்லீன் அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை.

“விக்க வேணாங்க. க்ளேட்டன் வீட்டுல இடம் கிடக்கு, அங்க நிக்கட்டும். எங்க நின்னாலும் அது உங்க படகுதானே.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலியோரம், சட்டத்துக்கு உட்பட்ட தூரத்தில், அடுப்பைப் பற்ற வைத்தார். க்ளேட்டனின் மனைவியும் பிள்ளைகளும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். க்ளேட்டனை மட்டும் காணோம். உடம்பு சரியில்லையோ என்று நார்பர்ட் கொஞ்சம் நம்பிக்கையோடு கேட்டார்.

ஆர்லீன் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

“ஏரிக்குப் போயிருக்கான். ஓட்டாம வச்சா படகு கெட்டுப்போயிடுமாம். மீன் மாட்டினா கொண்டாறேன்னான், அதையும் வாட்டிடுங்க.”