கழுதை மாசிலாமணி குழந்தைத் தொழிலை ஒழித்த வரலாறு

ஒரு காட்டில், குளத்தில் தண்ணீர் குடிக்கவும் டோக்கன் வாங்க வேண்டியிருந்த காலத்தில், மாசிலாமணி என்று ஒரு கழுதை தொழிலாளர் ஆய்வாளராக இருந்தது.

அந்தக் கழுதை நான்தான். அடுத்தவர் வாயால் கேட்பதைவிட நானே சொல்லிக்கொள்வது கௌரவமாக இருக்கிறது.

எங்கள் அலுவலகம் ஒரு புங்கமரத்தடியில் இருந்தது. துணை இயக்குநர் சதானந்தம் ஒரு நரி. ஆனால் நான் 'அவர்' என்றுதான் எழுதுவேன். என் கோப்பு இன்னும் அவர் மேசையில்தான் கிடக்கிறது.

குழந்தைத் தொழிலை ஒழிக்க இருபது வருடமாக நாங்கள் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். உயரமான மரங்களில் ஒட்ட எங்களால் ஏற முடியாது. அதற்கு அணில் குட்டிகளை வைத்திருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை நரியார் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் மாசிலாமணி, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு குழந்தையை மீட்டாகணும். சிங்கம் கேட்டிருக்கார்."

"முதல்ல எத்தனை குழந்தைங்க வேலை செய்யுதுன்னு கணக்கெடுத்துடலாமா சார்?"

"எடுத்தா நிறைய வருமேய்யா. ஒண்ணு போதும். போட்டோவுல நல்லா விழுற மாதிரி பார்த்துக் கூட்டிட்டு வா."

நான் முள்ளம்பன்றி வேலாயுதத்தின் தீப்பெட்டிப் பட்டறைக்குப் போனேன். காட்டுக்குள் தீப்பெட்டி செய்யலாமா என்று கேட்காதீர்கள். அது வேறு துறை.

உள்ளே மருந்து நெடி மூக்கில் ஏறியது. பெரியவர்கள் ஒரு பக்கம் குச்சியை மருந்தில் முக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ஒரு முயல் குட்டி பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பெயர் வஞ்சி. முன்னங்கால் இரண்டிலும் பசை காய்ந்து, முடி கொட்டி, சிவந்த தோல் தெரிந்தது.

"உன் வயசு என்ன பாப்பா?"

"பதினெட்டு சார்."

"நிஜமாவா?"

அவள் வேலாயுதத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படித்தான் சொல்லச் சொன்னாரு சார்."

வேலாயுதம் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு, "விளையாட்டுக்கு வந்து ஒட்டுதுங்கய்யா" என்றார். அந்த விளையாட்டு காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து இருட்டும்வரை நடக்கிறது என்று பிறகு தெரிந்தது.

பிடித்தாயிற்று. இனி மீட்புப் படிவம். துறை எனக்கு ஒரு கைபேசி கொடுத்திருந்தது. அதில்தான் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். நான் குளம்பால் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். திரையில் கீறல் விழுந்தது. வியர்த்துப்போய் நின்றேன்.

வஞ்சிக்குப் பாவமாகிவிட்டது. "குடுங்க சார், நான் போடறேன். மூணாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

கொடுத்தேன். அவளுடைய மெத்தென்ற கால் பட்டதும் திரை உயிர்பெற்றது. தன் பெயர், தன் வயது, தன் வேலை நேரம் என்று முப்பத்திரண்டு கட்டங்களையும் மளமளவென்று நிரப்பினாள். ஒரு கட்டத்தில் மட்டும் நின்றாள்.

"சார், 'குழந்தை வேலைக்கு வரக் காரணம்'னு கேக்குது. 'பெற்றோரின் அறியாமை', 'பெற்றோரின் பேராசை'ன்னு ரெண்டுதான் இருக்கு."

"ஏதாவது ஒண்ணைத் தொடு பாப்பா. நேரமாகுது."

"ரெண்டுமே இல்ல சார். அதோ அம்மா." மருந்து முக்குகிறவர்களில் ஒரு மெலிந்த முயலைக் காட்டினாள். "அம்மாவுக்கு அரைக் கூலிதான் குடுக்கறாங்க. நானும் வந்தாத்தான் தம்பிங்க நாலு பேருக்கும் ராத்திரி சாப்பாடு. முழுசாக் குடுத்தா நான் ஏன் சார் வரேன்?"

இருபது வருடம் சுவரொட்டி ஒட்டியும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. அன்றைக்கும் தோன்றிய மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "அதுக்குக் கட்டம் இல்ல பாப்பா" என்றேன்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. வஞ்சிக்கு மாலை போட்டார்கள். புதுப் பள்ளிக்கூடப் பை கொடுத்தார்கள். சிங்கம் அவள் தலையைத் தடவியபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். புகைப்படத்தில் அது ஆனந்தம்போல் விழுந்திருந்தது.

எல்லாம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "சார், நான் வேலைக்குத் திரும்பிப் போலாமா? நாலு நாள் கூலி போச்சு."

பதில் நரியாரிடம் இருந்தது. அவர் படிவத்தைப் பார்த்து அசந்துபோயிருந்தார்.

"ஒரு பிழை இல்லையேய்யா! யார் போட்டது?"

"அந்தப் பொண்ணுதான் சார்."

"நாளையிலேர்ந்து ஆபீசுக்கு வரச் சொல்லு. எருமை, ஆடு, நீ, எல்லாருக்கும் குளம்பு. மீட்புப் படிவம் போட ஆள் இல்லாம கெடக்கு."

"சார், அது குழந்தை..."

"வேலைன்னு யாருய்யா சொன்னா? பயிற்சின்னு போடு."

இப்படியாக, குழந்தைத் தொழில் ஒழிப்பு அலுவலகத்தில் வஞ்சி வேலைக்குச் சேர்ந்தாள். பயிற்சிப் படி என்று மாதம் கொஞ்சம் காசும் உண்டு. வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒரே மாதத்தில் நாற்பத்தொரு குட்டிகள் மீட்கப்பட்டன. அத்தனை படிவமும் அவள் கால்பட எழுதியது. மீட்கப்பட்ட குட்டிகள் மாலையைக் கழற்றிவிட்டு மறுநாளே பட்டறைக்குத் திரும்பின. அவர்களை மறுபடி மீட்டோம். எண்ணிக்கை கூடியது. எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள். வெட்கம் இல்லாமல் வாங்கிக்கொண்டேன். அதைச் சட்டம்போட்டு மாட்ட ஆணி அடித்ததும் அவள்தான்.

அவள் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரே கரடிக் குட்டியின் பெயரை மூன்றாம் முறை எழுதியபோது, "இவன் எப்ப சார் பள்ளிக்கூடம் போவான்?" என்று கேட்டாள். நான் புல் மென்றுகொண்டிருந்தேன். வாய் நிறைய இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏழு தாள்களோடு வந்து நின்றாள்.

"இதுல குளம்பு வைங்க சார்."

"என்ன இது?"

"உத்தரவு சார். ஏழு பட்டறைங்களுக்கும் போகணும்."

தினமும் எத்தனையோ தாள்களில் குளம்பு வைக்கிறேன். ஏழிலும் வைத்தேன்.

அதில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'பெரியவர்களுக்கு இன்றிலிருந்து முழுக் கூலி கொடுக்க வேண்டும். கொடுக்காத பட்டறை பூட்டப்படும்.'

எங்கள் துறையிலிருந்து போன கடிதம் எதுவும் அதுவரை யாருக்கும் புரிந்ததில்லை. இது புரிந்துவிட்டது. அதனாலேயே வேலாயுதம் பயந்துபோனார். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தால் சிங்கமே சொல்லித்தான் எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்து, அன்று மாலையே முழுக் கூலி கொடுத்தார். அதைப் பார்த்து மற்ற ஆறு பட்டறைகளும் கொடுத்தன.

அடுத்த வாரம் வஞ்சி ஆபீசுக்கு வரவில்லை. நான் ஆய்வுக்குப் போனேன். லேபிள் ஒட்டும் இடத்தில், இத்தனை நாள் வேலையில்லாமல் சுற்றிய பெரிய குரங்குகள் உட்கார்ந்திருந்தன. ஒரு குட்டிகூட இல்லை. வஞ்சியின் அம்மா நிமிர்ந்து, "பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்குங்க" என்றாள். ஏதோ அதிசயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அதிசயம்தான்.

ஆபீசில் நரியார் குதித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாசம் மீட்க ஒரு குழந்தை இல்ல! சிங்கத்துக்கு நான் என்னய்யா பதில் சொல்றது? துறையையே மூடிடுவாங்க!"

கையோடு எனக்கு ஒரு குறிப்பாணை கொடுத்தார். முன் அனுமதியின்றிக் குழந்தைத் தொழில் ஒழிந்தது ஏன் என்று மூன்று நாளில் கைபேசி வழியாக விளக்கம் தர வேண்டுமாம்.

குளம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான்காம் வகுப்பில், தன்னைவிடச் சின்னக் குட்டிகளுக்கு நடுவே வஞ்சி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். முன்னங்காலில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"படிவமா சார்? குடுங்க, அஞ்சு நிமிஷத்துல போட்டுடறேன்."

கைபேசியைப் பாதி நீட்டிவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, முக்கால்வாசி நீட்டிவிட்டேன். பிறகு இழுத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல. சும்மாதான் வந்தேன். நீ போய்ப் படி."

மூன்று நாள் ஆயிற்று. விளக்கம் போகவில்லை. நான் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறேன். நிறைய நேரம் இருப்பதால் அந்த உத்தரவின் நகலை இப்போதுதான் முழுதாகப் படித்தேன்.

நீதி: அதிகாரிகளே, எதையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அன்றைக்கே படித்திருந்தால் நான் தடுத்திருப்பேன்.