சூரியனுக்கு அம்மை போட்ட வாரம்

தெமோதரை,
மே 1980.

பாசமுள்ள பூவம்மா அக்காவுக்கு, தங்கை பரிமளம் பணிவோடு எழுதுவது. இங்கு நானும் அடுப்பும் நலம். கோத்தகிரியில் நீ, மச்சான், பிள்ளைகள், அப்பா எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்னை வானொலியில் பேசப்போவதாக நீ எழுதிய நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. உங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் எனக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் கிடைத்து நாம் பிரிந்ததிலிருந்து உன் குரலை நான் கேட்கவே இல்லையே. ஆனால் படித்த விஞ்ஞானம் சும்மா இருக்க விடுமா? பைனாக்குலர் வழியாகச் சூரியனை வெள்ளைத் தாளில் விழவைத்து, அதன் கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறித்து வருகிறேன். போன மாதம் ஒரு பெரிய புள்ளிக் கூட்டம் நடுவுக்கு வந்தபோது, நூலில் தொங்கவிட்ட என் காந்தம் கொஞ்சம் விலகியது, ஹாஷிம் நானா கடை ரேடியோவிலும் சிற்றலை முழுக்க இரைச்சல். சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். கணக்குப் போட்டால், அந்தக் கூட்டம் மறுபடி நடுவுக்கு வந்து காந்தப்புயல் கிளம்பி ரேடியோவைக் கெடுப்பது நீ பேசும் அதே ஞாயிறு!

யாரிடமும் அதிகம் பேசாத நான் இதைத் தேயிலைத் தோட்டத்துக் கணபதி கங்காணியிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் தாளை உற்றுப் பார்த்தார்.

"என்னா டீச்சர், சூரியனுக்கு அம்மை போட்டிருக்கு?"

"அம்மை இல்லீங்க, கரும்புள்ளி."

"அதத்தாங்க நாங்க அம்மைங்கிறோம்."

மறுநாள் என் வாசலில், பதுளையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்த வேப்பிலை தொங்கியது. சூரியனைத் தினமும் தாளில் பிடிப்பவளுக்கு அது தொற்றாமலா இருக்கும் என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் போகக்கூடாது அல்லவா? ஏற்கெனவே யாரும் வராத வீடு, இப்போது வராததற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா கூழை வாசலில் வைத்துவிட்டு, "தலைக்குத் தண்ணி ஊத்துன பெறகு வாறேன் டீச்சர்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். கூழ் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறன்று கடைக்குப் போனேன். கூட்டம் விலகி வழிவிட்டது. அது மரியாதையா பயமா, தெரியவில்லை. என் கணக்கு பொய்த்துப் போகட்டும் என்று விஞ்ஞானம் படித்த நான் ரேடியோவைப் பார்த்துக் கும்பிட்டேன். நானா குமிழைத் திருகினார். உஸ்ஸ்... நீ பேசும் நேரம் முழுக்க அதே உஸ்ஸ்தான். எனக்கு அழுகை வந்தது, மற்றவர்கள் கை தட்டினார்கள்.

"டீச்சர் சொன்னா சூரியனே கேக்குதுப்பா!" என்றார் கங்காணி.

அன்றிலிருந்து வீடு நிறைய ஆட்கள். மழை எப்போது வரும், மாடு எப்போது ஈனும், எல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா தானே வேப்பிலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, என் அடுப்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறாள். விஞ்ஞானம் வென்றது அக்கா! நீ என்ன பேசினாய் என்பதை மட்டும் எழுது.

அப்பாவின் காலைத் தொட்டு வணங்கியதாகச் சொல். மச்சானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

உன் பரிமளம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஹாஷிம் நானாவின் மனைவி ஸைனப் வந்து காதோடு சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க டீச்சர். புயல் வருதுன்னு சொன்னீங்களா, பெட்டி எரிஞ்சிருமோன்னு பயந்து ஏரியல் வயர நான்தான் கழட்டி வச்சேன். அவருக்கே தெரியாது. பூனாகலைத் தோட்டத்துல நல்லாக் கேட்டுச்சாம். ஒங்க அக்கா ஒங்களப் பத்தித்தான் பேசினாங்களாம்." சூரியன் பாவம், சும்மாதான் இருந்திருக்கிறது. வேறு யாரிடமும் சொல்லிவிடாதே என்று ஸைனபைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். தெரிந்தால், நாளைச் சாயங்காலம் தேத்தண்ணீர் குடிக்க ஒருவரும் வரமாட்டார்கள்.