சித்திரபுரத்தில் பூட்டிய வண்டி

மனிதர்களை நான் ஓரளவு நம்புவேன். என் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர்களை மட்டும் நம்பமாட்டேன். இது ஒரு வியாதி என்று தெரிகிற வயது இப்போது வந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் வரவில்லை.

அப்போது பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். புது வண்டி வாங்கிய முதல் மாதமே, தொழிற்சாலை வாசலில் நிறுத்திய இடத்தில் வலது கண்ணாடி காணாமல் போனது. அடுத்த மாதம் இடது கண்ணாடி. (எடுத்தவன் ஒழுங்கானவன். ஜோடி சேர்த்துவிட்டான்.) பிறகு பக்கவாட்டுப் பை, செல்போன் மாட்டும் கவ்வி, பனி விளக்கு ஒன்று. கடைசியில் ஒருநாள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பெட்ரோல் டேங்க் உறையை உருவிக்கொண்டு போயிருந்தார்கள்.

அன்றோடு நான் வேறு ஆளானேன். முன்சக்கர டிஸ்க்குக்கு ஒரு பூட்டு. கட்டைவிரல் கனத்தில், பிளாஸ்டிக் சுற்றிய இரும்புக் கேபிள் பூட்டு ஒன்று. எங்கே நிறுத்தினாலும் அசையாத ஒரு பொருளோடு வண்டியைச் சேர்த்துக் கட்டுவதற்கு. அதற்கும் மேலே ஒரு அலாரம். வண்டியை லேசாகத் தொட்டால் இரண்டு முறை கீச்சிடும். அழுத்தித் தொட்டால் ஆறு விதமான குரலில் வரிசையாக ஊளையிடும். முதல் குரல் குழந்தை அழுகை, இரண்டாவது ஆம்புலன்ஸ். மீதி நாலையும் கேட்கும் அளவுக்கு அதுவரை யாரும் தைரியமாக நின்றதில்லை. அதை அடக்கும் ரிமோட் எப்போதும் என் சுடிதார் பையில், என் கைக்குள் இருக்கும். தூங்கும்போதுகூட.

என்னோடு வேலை செய்த ஸ்டெல்லாவுக்குச் சொந்த ஊர் மூணாறு பக்கம் சித்திரபுரம். அவளுடைய அப்பா சவரிமுத்து மின்வாரிய ஸ்டோரில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் சாயங்காலம் அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தது. ஸ்டெல்லா அன்றே கிளம்பிவிட்டாள். மறுநாள் மூன்று மணிக்கு அடக்கம். நான் விடிந்ததும் கிளம்பி உடுமலை, மறையூர், மூணாறு வழியாகப் பள்ளிவாசல் தாண்டினேன்.

அங்கே மூடுபனி பிடித்துக்கொண்டது. பகல் இரண்டு மணி. என் வண்டியின் முன்சக்கரமே எனக்குத் தெரியவில்லை. ஒரு டீக்கடைக்காரர் குரல் மட்டும் வந்து வழி சொன்னது. "இங்கனயே எங்கயாவது வண்டிய போட்டுட்டு, எதுத்தாப்புல படி ஏறும்மா. வண்டி மேல ஏறாது."

இறங்கித் தள்ளிக்கொண்டே கையால் தடவினேன். ஈர இரும்பு தட்டுப்பட்டது. கம்பி கம்பியாக, என் இடுப்புக்கு மேல் உயரம். நன்றாக ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

கேபிளைச் சுற்றும்போதுதான் யாரோ என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. காற்று இல்லை. மரத்திலிருந்து சொட்டுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. நிமிர்ந்தேன். உள்ளே பனி ஒரு நொடி மெலிந்தது. கம்பிகளுக்கு உள்ளே, பத்தடி தூரத்தில், வெள்ளை உடுப்பில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. கை இரண்டையும் லேசாக விரித்திருந்தார்.

"ஏனுங்க, வண்டிய இங்க நிறுத்தலாமுங்களா?" என்றேன்.

பதில் இல்லை. அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி இன்னொருவர் நிற்பதுபோலவும் இருந்தது. அவரும் பேசவில்லை. ஆனாலும் மறுக்கவில்லையே என்று சமாதானப்பட்டுக்கொண்டு, "கொஞ்சம் பாத்துக்கங்க, சீக்கரம் வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். ஏறுகிற வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் யாரோ என் மழைக்கோட்டையும் பையையும் வாங்கிக் கொல்லைப்புற அறையில் வைத்தார்கள். வண்டிச் சாவி, டிஸ்க் பூட்டுச் சாவி, கேபிள் சாவி எல்லாம் அந்தப் பைக்குள். ஸ்டெல்லாவின் அம்மா லூர்தம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லையாம். நான் கையைப் பிடித்தேன். அவருக்கு நான் யாரென்றே தெரிந்திருக்காது.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் சிலுவை, பிறகு ஜெபம் நடத்தும் உபதேசியார், பிறகு பெட்டி, அதன் பின்னால் நாங்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே படி இறங்குகிறது. பனி இன்னும் அடர்ந்திருந்தது. பெட்டியின் முன்பாதி எனக்குத் தெரியவில்லை. பின்பாதி மட்டும் மிதந்து போவதுபோல் இருந்தது. எங்கிருந்து பாடுகிறார்கள் என்று தெரியாமல் பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

பாதி வழியில், கீழே பனிக்குள் ஏதோ இரண்டு முறை கீச்சிட்டது.

பாட்டு தடுமாறி மறுபடி எடுத்தது. நான் நின்றுவிட்டேன். அந்தக் கீச்சு எனக்குத் தெரியும். பத்தடி போவதற்குள் குழந்தை அழ ஆரம்பித்தது. வீறிட்டு, மூச்சுவிடாமல்.

பாட்டு நின்றது. மொத்த ஊர்வலமும் நின்றது. பெட்டி தூக்கியவர்கள் நின்ற நிலையில் ஆடினார்கள்.

"செமித்தேரிக்குள்ளருந்துல்ல சத்தம் வருது," என்றது ஒரு பெண் குரல். யாரோ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். செமித்தேரி என்றால் கல்லறைத் தோட்டம். நான் வண்டியைக் கட்டிய அந்தக் கம்பி, அந்த வெள்ளை உடுப்பு ஆட்கள், எல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கியது. நான் பாத்துக்கச் சொல்லிவிட்டு வந்தது இரண்டு கல்லறைச் சிலைகளிடம்.

அழுகை முடிந்து ஆம்புலன்ஸ் சத்தம் தொடங்கியது.

"ஆம்புலன்ஸ யாருல கூப்ட்டது?" என்று ஸ்டெல்லாவின் அண்ணன் பீட்டர் பெட்டிக்கு அடியிலிருந்து கேட்டார். "அப்பாவுக்கு இனிமே அது எதுக்கு?"

அப்போதே என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவிடம், "என்ன சத்தமுங்க அது?" என்று வேறு கேட்டேன். (ஆமாம், கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன்.)

கீழே போனபோது பனிக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் கண்போல் இமைத்துக்கொண்டிருந்தன. என் வண்டியின் இண்டிகேட்டர்கள். உபதேசியார் முன்னால் போய், கையை உயர்த்தி ஜெபம் சொன்னார். நான் பைக்குள் ரிமோட்டை அழுத்தினேன். சத்தம் சட்டென்று அடங்கியது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "ஜெபத்துக்குக் கட்டுப்பட்டுருச்சு," என்றார் ஒருவர். உபதேசியார் தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பனி கொஞ்சம் விலகியது. கல்லறைத் தோட்டத்தின் இரட்டைக் கேட்டை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியபடி என் கேபிள் இருந்தது. அதற்குக் குறுக்கே என் வண்டி, கோயில் யானைபோல் அசையாமல் நின்றது. பீட்டர் தோளை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து, குனிந்து நம்பர் பலகையைப் படித்தார். "பாலக்காட்டு வண்டில்ல இது."

எல்லாரும் திரும்பினார்கள். அந்தக் கூட்டத்தில் பாலக்காட்டிலிருந்து வண்டியில் வந்தவள் ஒருத்திதான். ஹெல்மெட் அமுக்கிய தலைமுடியோடு நின்றிருந்தேன்.

"மஞ்சு, உன்னோடதா?" என்றாள் ஸ்டெல்லா.

"வண்டி என்னோடதுதானுங்க," என்றேன், அவளிடம் அதுவரை ஒருநாளும் சொல்லாத 'ங்க'வோடு. "கேட்டுன்னு தெரியலீங்க."

சாவி மேலே வீட்டில். படியேறி இறங்க அரைமணி நேரம். ஒருவரை அனுப்பினார்கள். இதற்குள் மழை பிடித்தது. தரை முழுக்கச் சேறு. பெட்டியைக் கீழே வைக்க மனமில்லாமல், பின்னால் தூக்கியிருந்த இருவரும் தோள் மாற்றுவதற்காக ஒரு நொடி அதன் ஓரத்தை என் வண்டியின் சீட்டில் தாங்கினார்கள்.

சத்தத்தை அடக்கினேனே தவிர, அலாரத்தை அணைக்க மறந்திருந்தேன்.

பெட்டிக்கு அடியிலிருந்து குழந்தை வீறிட்டது. தூக்கியிருந்தவர்களில் ஒருவர் பெட்டியை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் ஓடினார். (அவர் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார், வண்டியைப் பார்க்கவே இல்லை.) மற்றவர்கள் எப்படியோ சமாளித்துப் பிடித்துக்கொண்டார்கள். நான் ரிமோட்டை அழுத்த அழுத்த, ஈரக் கையில் அது வழுக்கிச் சேற்றில் விழுந்தது. குழந்தை முடிந்து ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் முடிந்து போலீஸ், பிறகு சேவல் கூவியது. நான் முழங்காலிட்டுச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் நான் சவரிமுத்து ஐயாவுக்காக மண்ணில் புரண்டு அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ரிமோட் கிடைத்து, சத்தம் நின்றபோது வேறொரு சத்தம் கேட்டது. லூர்தம்மா சிரித்துக்கொண்டிருந்தார். குடைக்கு அடியில், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

"முப்பது வருசம் ஸ்டோர்ல பூட்டப் பூட்டி காவ காத்த மனுசன்," என்றார். "எந்தப் பூட்டப் பாத்தாலும் ரெண்டு தடவ இழுத்துப் பாக்காம தாண்ட மாட்டாவ. ரோட்டுல போற எவன் கடைப் பூட்டா இருந்தாலும் சரி. அங்கருந்து வரும்போது மொதல்ல ரெண்டு தடவ கீச்சுன்னுச்சே, கேட்டியளா? அவிய முன்னால வந்து இழுத்துப் பாத்துருக்காவ."

குழி வெட்டியவர் தோட்டத்தின் கடைக்கோடியில் இருந்து வந்து, தான் கேட்டுப் பக்கமே வரவில்லை என்று தானாகவே சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த அலாரம் காற்றுக்கோ பனிக்கோ ஒருநாளும் கீச்சிட்டதில்லை. இது இன்றைக்கும் எனக்கு விளங்காத விஷயம்.

சாவிக்காகக் காத்திருக்கப் பீட்டருக்குப் பொறுமையில்லை. மின்வாரியப் பட்டறையிலிருந்து ஒருவர் இரும்பு அறுக்கும் வாள் கொண்டுவந்தார். இரண்டு பிளேடு ஒடிந்தது. கேபிளின் பிளாஸ்டிக் உறை மட்டும்தான் கீறியிருந்தது. (அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.) கடைசியில் பத்துப் பேர் சேர்ந்து, கேட்டை அதன் கீல்களிலிருந்து கழற்றி, கட்டிய வண்டியோடு சேர்த்து அப்படியே தூக்கி ஓரமாக வைத்தார்கள். சவரிமுத்து ஐயா கேட்டில்லாத வாசல் வழியாக உள்ளே போனார்.

மேலே என் பையைக் கண்டுபிடிக்கத் தாமதமாகி, அடக்கம் முடிந்த பிறகுதான் சாவி வந்தது. ஸ்டெல்லா என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் லூர்தம்மா என் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போய், என்னோடு உட்கார்ந்து பாலில்லாத கட்டன்சாயா குடித்தார். இரண்டு நாளில் அவர் வயிற்றுக்குள் போன முதல் ஈரம் அதுதான் என்று பிறகு ஸ்டெல்லா சொன்னாள். அதைச் சொன்னபோது என்னை மன்னித்திருந்தாள்.

கீல் வளைந்துவிட்டதால் கேட்டு சரியாகச் சேரவில்லை. காட்டுப்பன்றி உள்ளே வந்து புதுக்குழியைக் கிளறிவிடும் என்று உபதேசியார் கவலைப்பட்டார். அந்தக் கேபிள் பூட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது.

கதை எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. கோயமுத்தூர், பொள்ளாச்சி, வாளையார் என்று எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறார்கள். வாய் மாறி வாய் மாறி, நான் கேட்டில் வண்டியைப் பூட்டினால் அங்கே ஒரு சாவு என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து எந்த வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்தினாலும், அந்த வீட்டின் வயதானவர்கள் வெளியே வந்துவிடுகிறார்கள். போன மாதம் எண்பது தாண்டிய என் பெரிய மாமாவைப் பார்க்கப் போனேன். மூன்று வாரமாகப் படுக்கையில் இருக்கிறார், எழுந்து உட்காரக்கூட முடியவில்லை என்று சொல்லியிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள், சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி," என்றார் மூச்சிரைக்க, "கேட்டுல மட்டும் பூட்டிப்போடாத. எனக்கு இன்னும் நேரம் இருக்குது."