கார் கெட்டுப்போக ஒரு வேண்டுதல்

நான் குமாரபாளையத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள். வருஷா வருஷம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்ற பாடம் வரும்போது மட்டும் என் குரல் ஒரு கட்டை ஏறிவிடும். "எழுத்தில் கேளுங்கள், ஆதாரத்தைத் தொடாமல் பத்திரப்படுத்துங்கள்" என்று மேஜையைத் தட்டிச் சொல்வேன். இப்படிப்பட்ட நான், பழுதான ஒரு புதுக் காரைக் கம்பெனியிடமே திருப்பிக் கொடுப்பதற்காக, ஒரு வியாழக்கிழமை காலையில் கருப்பணசாமி கோயிலில் கைகூப்பி நின்று, என் வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று மனமுருக வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். (மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்தப் பகுதி தேர்வுக்கு வராது.)

அந்தக் கார் என் சம்பளத்தில், என் பெயரில் வாங்கிய முதல் பெரிய பொருள். அதனால் அதில் வீட்டுக்காரரின் யோசனை எதுவும் கலந்துவிடக் கூடாது என்பதில் கறாராக இருந்தேன். அவருக்குத் திருச்செங்கோடு ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. புது வண்டி வாங்குவது படித்தவர்கள் மட்டுமே செய்யும் தப்பு என்பது அவருடைய கொள்கை.

"நாலு வருசம் ஓடுன வண்டின்னா அதோட நோவெல்லாம் வெளிய வந்திருக்கும் அம்மிணி. புது வண்டிக்குள்ள என்ன நோவு இருக்குதுன்னு ஆரு கண்டா?" என்றார்.

"உங்க பட்டறைப் பேச்செல்லாம் லாரியோட வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த ஷோரூமுக்குப் போய், ஆள் உயர அட்டைச் சாவியைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் படத்தில் நான் சிரிக்கிற சிரிப்பை இப்போது பார்த்தாலும் எனக்கே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றும்.

பதினோராம் நாள் நோவு வெளியே வந்தது. பள்ளிபாளையம் பாலத்தைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினேன். ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்தது. கையை எடுத்தேன், அடித்தது. தட்டினேன், இன்னும் நன்றாக அடித்தது. எனக்கு முன்னால் ஒரு சவ ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. மேளக்காரர்கள் மேளத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் ஜன்னலருகே வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "அவசரமின்னா நீங்க முன்னால போயிருங்க சாமி. அவருக்கு இனி என்னங்க அவசரம்?" என்றார். போகலாம் என்று பார்த்தால் என்ஜின் நின்றுவிட்டது. ஹாரன் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் சாவியை உருவிக்கொண்டு இறங்கி, அந்த ஊர்வலத்தோடு கொஞ்ச தூரம் நடந்தே போய்விட்டேன். வேறெங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை. இடதுபக்கம் திரும்பினால் ஹாரன், அடுத்த நிமிடம் என்ஜின் நிற்கும். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது ஒருமுறை நின்றதில், உண்மையாகவே பயந்துபோனேன். இந்த வண்டி என்னைக் கொன்றுவிடும் என்று தோன்றியது. சேலத்துக்கு நாலு தடவை கொண்டுபோய் விட்டேன். அங்கே போனால் மட்டும் வாயைத் திறக்காது. "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம் மேடம்" என்று நாலு தடவையும் சொன்னார்கள். நாலாவது தடவை ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றியவர்கள் சரியாக மாட்டாமல் விட்டதில், உள்ளே இருந்த ஒயர்கள் கொஞ்சம் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தன. மேஜையைத் தட்டுகிற டீச்சர் சும்மா விடுவாளா? அதையும் படம் எடுத்து, தொடாமல் ஆதாரமாக விட்டுவைத்தேன்.

பிறகு கடிதம் எழுத ஆரம்பித்தேன். பதிவுத் தபாலில், இணைப்பு ஒன்று முதல் பதினொன்று வரை. இணைப்பு மூன்றில் சவ ஊர்வலத்தின் வரைபடம், மேளக்காரர்கள் நின்ற இடம் உட்பட. ஐந்தாவது மாதம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து இரண்டு நாள் வண்டியை ஓட்டிப் பார்ப்பார். அவர் முன்னிலையில் ஒரே ஒரு தடவை பழுது வந்தாலும் போதும், முழு விலையைக் கொடுத்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். ஒரு நிபந்தனை: வெளியாட்கள் யாரும் வண்டியில் எதையும் பிரித்திருக்கவோ சேர்த்திருக்கவோ கூடாது.

அந்த வெளியாள் என் வீட்டுக்குள்ளேயே லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரரைக் குலதெய்வத்தின் பேரில் சத்தியம் செய்ய வைத்தேன். பாவம், பட்டறையிலிருந்து வந்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"ஒரே பத்து நிமிசம் குடு. பேனட்டை மட்டும் தூக்கிப் பாத்துட்டு மூடிர்றேன்."

"தொட்டீங்கன்னா எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்."

"எதுல போவ?" என்று கேட்டார்.

அந்தப் புதன்கிழமை இன்ஜினியர் வந்தார். பெயர் பிரசன்னா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார், எல்லாம் பச்சையாகக் காட்டியது. ஓட்டினார். பள்ளிபாளையம், குமாரபாளையம், திரும்பத் திருச்செங்கோடு. வழியில் இருந்த அத்தனை இடதுபக்கத் திருப்பத்திலும் திரும்பினார். சவ ஊர்வலம் நின்ற இடத்தில் மட்டும் ஆறு தடவை திருப்பச் சொன்னேன். ஹாரன் மூச்சு விடவில்லை. இன்டிகேட்டர் கூட அவ்வளவு பதவிசாக அடித்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். புதுசா ஓட்டறவங்களுக்குத் திரும்பும்போது பதட்டத்துல கை ஹாரன்ல அழுந்தறது சகஜம்தான்."

பதினொரு இணைப்புகள் எழுதியவளைப் பார்த்து! வீட்டுக்காரர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

உள்ளே அத்தை, அதாவது என் மாமியார், காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். "வண்டி எப்புடிங்க சாமி இருக்குது?" என்று இன்ஜினியரிடம் கேட்டார்.

"அருமையா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல."

அத்தையின் கண் கலங்கிவிட்டது. கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்தார். "கருப்பண்ணா! கண்ணத் தொறந்துட்டயே!"

எனக்கு எங்கேயோ இடித்தது. "அத்தை, என்ன பண்ணுனீங்க?"

"நீ லெட்டர் லெட்டரா எழுதீட்டுக் கண்ணக் கசக்குனயா, எனக்கு மனசு கேக்கல அம்மிணி. ஞாயித்துக்கெழம வண்டி நல்லாகோணும், கெடா வெட்டறேன்னு சாமிகிட்டச் சொல்லி, ஒரு ரூவாய மஞ்சத் துணியில முடிஞ்சு வண்டியிலயே கட்டி உட்டுட்டேன். அன்னைக்குப் புடிச்சு ஒரு சத்தம் வந்துதா சொல்லு?"

யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டி வாயே திறக்கவில்லை.

சாமி நம்பிக்கையில் நான் அரைகுறை. ஆனால் அந்த நிமிடம் பகுத்தறிவெல்லாம் பறந்துவிட்டது. இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. அதற்குள் ஹாரன் அடிக்காவிட்டால், என்னைக் கொல்லப் பார்க்கும் ஒரு வண்டியோடு, "கை அழுந்துகிற பொம்பளை" என்ற பெயரோடு காலம் தள்ள வேண்டும். "அத்தை, அந்த வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்குங்க!" என்றேன்.

"திரும்ப வாங்கறதுக்கு அதென்ன கடையில எடுத்த சேலையா? அவருகிட்டப் பூக் கேக்கோணும். அவரு சரின்னாத்தான் அவுக்கோணும்."

எங்கள் பக்கத்தில் சாமியிடம் அனுமதி கேட்பது அப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி முன்னால் போட்டு, எதில் எந்தப் பூ என்று தெரியாத வெளியாள் யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை.

இன்ஜினியர் முறுக்கைக் கடித்தபடி, "எந்த ரோடா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான் மேடம். நாளைக்குக் கோயில் ரோட்டுலயே டெஸ்ட் டிரைவ் போயிடலாம்" என்றார். அவருக்கு இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது.

மறுநாள் காலை நாலு பேரும் அந்தக் காரிலேயே போனோம். வழியில் ஹாரன் அடிக்கவில்லை என்று சொல்லவே வேண்டியதில்லை.

பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தார். "என்ன வேண்டுதலுங்க?"

"வண்டி கெட்டுப்போகோணுமுங்க" என்றேன்.

பூசாரி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆரு வண்டிங்க? பங்காளி வண்டிங்களா?"

"எங்க வண்டிதானுங்க."

அவர் என்னையும் வாசலில் நின்ற புதுக் காரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அத்தையிடம், "அம்மிணிக்கு ஒடம்பு ஏதாச்சும் சொகமில்லீங்களா?" என்று கேட்டார். அத்தை விவரமெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பூசாரி ஒருவழியாகப் பொட்டலங்களைப் போட்டுவிட்டு, "நம்ம கூட்டத்துல சேராத ஆளு ஒருத்தரு எடுக்கோணும்" என்றார்.

எல்லோரும் இன்ஜினியரைப் பார்த்தோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, நெற்றியில் திருநீறு வாங்கிக்கொண்டு, அடையாள அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு குனிந்து ஒன்றை எடுத்தார். பிரித்தார்கள். வெள்ளை.

அத்தை விறுவிறுவென்று காருக்குப் போனார். கதவைத் திறந்து, தலையையும் தோளையும் ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்து, கால் மட்டும் வெளியே தெரிய மூன்று நிமிடம் மல்லுக்கட்டினார். மஞ்சள் முடிச்சோடு வெளியே வந்து அதை உண்டியலில் போட்டார்.

இன்ஜினியரின் முகம் மாறியது. "அம்மா, அத எங்க கட்டியிருந்தீங்க?"

"தொங்கீட்டிருந்த ஒயருலதானுங்க சாமி. லொடலொடன்னு ஆடீட்டே இருந்துது. நல்லா இறுக்கி ரெண்டு முடிச்சுப் போட்டு உட்டேன்."

அவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். புளியமரத்தடியில் இடதுபக்கம் ஒடித்தார்.

அடித்தது பாருங்கள் ஹாரன்! மரத்தில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது. பூசாரி அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான், முதுகலைப் பட்டம் பெற்ற நான், "அடிக்குது! அடிக்குது!" என்று கத்திக்கொண்டு கோயில் வாசலில் குதித்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு காதுகுத்துக் கூட்டம் வேனில் வந்து இறங்கியது. அதில் என் மாணவி ஒருத்தியும் இருந்தாள். "குட் மார்னிங் மேம்" என்றாள்.

என்ஜின் நின்றது. ஹாரன் நிற்கவில்லை. இன்ஜினியர் பேனட்டைத் தூக்கிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "அண்ணா, பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்குமா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். இத்தனை நாளும் அதை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் மனுஷன். பேட்டரி ஒயரைக் கழற்றியதும் ஊரே அமைதியானது.

இன்ஜினியர் ஸ்டியரிங்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "கனெக்டர் லூஸ் மேடம். ஃபேக்டரியில இருந்தே அப்படித்தான் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமையில இருந்து அந்தத் துணிதான் இறுக்கிப் பிடிச்சிருக்கு." கொஞ்சம் தயங்கினார். "ஆனா வெளியாட்கள் எதையும் சேர்த்திருக்கக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கே."

வீட்டுக்காரரை இத்தனை நாள் காவல் காத்தேன், அத்தையைக் காக்கவில்லை. "அது பாகமில்ல சார், காணிக்கை! சாமியோட சொத்து! வண்டியோட சேராது!" என்று சட்டம் பேசினேன். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

அத்தை என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். "வெள்ளப் பூவ எடுத்தது நீங்கதானுங்களே சாமி? இப்ப மாத்தி எழுதுனா அவரு உங்களையில்ல கேப்பாரு?"

இன்ஜினியர் கோயிலைத் திரும்பிப் பார்த்தார். கருப்பணார் அருவாளோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் புளியமரத்தடியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். அறிக்கையின் நகல் பிறகு எனக்கு வந்தது. "பரிசோதனையின்போது பழுது உறுதி செய்யப்பட்டது. தயாரிப்புக் குறைபாடு." துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கம்பெனி சொன்னபடி வண்டியை எடுத்துக்கொண்டது. கிடா வெட்டினோம். வண்டி நல்லானதற்கு ஒன்று, கெட்டுப்போனதற்கு ஒன்று என்று அத்தை இரண்டு வெட்ட வைத்தார். நான் வகுப்பில் மிட்டாய் கொடுத்து, எழுத்தில் கேட்டால் எதுவும் நடக்கும் என்று ஒரு மணி நேரம் பேசினேன். அந்தக் காதுகுத்து மாணவி மட்டும் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

எட்டு மாதம் கழித்து வீட்டுக்காரர் ஓமலூரில் ஒரு வியாபாரியிடம் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். பாதி விலைக்கு அள்ளிவிட்டேன் என்று ஒரே பெருமை. ஆரத்தித் தட்டோடு வெளியே வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். முன் கண்ணாடியில் எங்கள் கல்லூரி பார்க்கிங் ஸ்டிக்கர். என் பெயரோடு.

"நோவெல்லாம் வெளிய வந்த வண்டி அம்மிணி" என்றார் அவர், சிரிக்காமல்.

இன்று அந்த வண்டியில்தான் கல்லூரிக்குப் போகிறேன். கல்யாணம் காட்சி என்று போகிற இடமெல்லாம் யாராவது, "வண்டி ஆருகிட்ட வாங்குனீங்க?" என்று வேண்டுமென்றே கேட்பார்கள். "எங்க ஊட்டுக்காரம்மாகிட்டத்தானுங்க, கம்பெனிக்காரங்க நடுவுல நின்னு முடிச்சுக் குடுத்தாங்க" என்பார் அவர். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறு வழி? கனெக்டரை அவர் பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார், ஹாரன் அதற்குப் பிறகு தானாக அடித்ததேயில்லை. ஆனாலும் போன வாரம் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன், ஸ்டியரிங்குக்கு அடியில் புதிதாக ஒரு மஞ்சள் துணி, இறுக்கி ரெண்டு முடிச்சு. தொடாமல் விட்டுவிட்டேன்.