ஏலக்காரர் விட்டுவைத்த அரை நிமிடம்

காரைக்காலிலேயே பெரிய குரலையும் காரைக்காலிலேயே மென்மையான குரலையும் கடவுள் ஒரே தொண்டைக்குள் வைத்துவிட்டார். இந்த அநியாயத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவர் கருக்களாச்சேரிக்காரர். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவர். 'ஏலக்காரர்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். காலையில் அவர் வஞ்சிரத்துக்கு விலை கேட்டால், திருநள்ளாறு லாட்ஜில் விரதமிருக்கும் பக்தர் எழுந்து உட்கார்ந்து விலை சொல்லிவிடுவார். ஏலம் முடிந்ததோ, அத்தோடு சரி. தொண்டையை மறுநாளுக்குப் பத்திரப்படுத்துகிறேன் என்று நாள் முழுக்கக் கிசுகிசுப்புத்தான். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு. அதற்கும் காதோரம் போய்த்தான் திட்டினார். பாதி வசவு விளங்காத அந்த மனிதர், "கொஞ்சம் சத்தமாத் திட்டுங்கண்ணே" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

அவரிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் நான் அப்படியல்ல. பதினெட்டு வருடமாக இன்னிசைக் குழுவில் பாடுகிறேன். எங்கள் தருமபுரத்தில் என் மைக்கின் எக்கோ இல்லாமல் ஒரு தாலி ஏறாது. ஆனால் நான் பாடி என் மனைவி ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. இரண்டாவது வரியிலேயே அவளுக்கு அடுப்பங்கரையில் வேலை வந்துவிடும்.

போன வருடம் ஏலக்காரரின் அக்கா மகன் சாக்ஸபோனும் கையுமாகப் பிரான்சிலிருந்து லீவில் வந்தான். மாமாவை மைக்குக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கிசுகிசுப்பிலேயே ஜாஸ் பாணியில் ஏழு பாட்டுப் பாடவைத்துப் பதிவு செய்து, ஆல்பமாக இணையத்தில் ஏற்றிவிட்டுப் போய்விட்டான். என் மனைவி ஏழையும் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். குக்கர் ஐந்து விசில் அடித்தும் அசையவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"என்ன இருக்கு அதுல? பாடுறதே காதுல விழல."

"அதனாலதாங்க உத்துக் கேக்குறேன்."

குறை கண்டுபிடிக்க நானும் கேட்டேன். பாவி மனுஷன், நன்றாகத்தான் பாடியிருந்தார். கடைசிப் பாட்டில் மட்டும் மாட்டிக்கொண்டார். நடுவில் அரை நிமிடம் குரலே இல்லை, மெல்லிய தாளம் மட்டும் ஓடுகிறது. வரி மறந்துவிட்டது! நேரே துறைமுகத்துக்குப் போனேன்.

ஏலம் முடிந்து கூடை கழுவிக்கொண்டிருந்தார். "என்னண்ணே, கடைசிப் பாட்டுல வரிய மறந்துட்டீங்கபோல?" என்றேன், நாலு பேர் காதில் விழும்படி.

என் காதருகே வந்தார். "மறக்கல தம்பி. அது ஒங்க எடம். அதுல ஒங்க ஹம்மிங் வந்தா நல்லாருக்கும்னு விட்டு வச்சேன். வாடிக்கையா வர்றவங்களுக்கு மீனு எடுத்து வைக்கிறதில்லையா, அப்புடித்தான்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"ஒங்க வூட்டு வாசல்ல நின்னு மூணு தடவ கூப்பிட்டேன். நீங்க உள்ள பாடிக்கிட்டு இருந்தீங்க."

"சத்தமாக் கூப்பிட்டிருக்கலாமே?"

"மறுநாளு ஏலம் இருந்துச்சே தம்பி."

அன்று சாயங்காலம் மனைவி ஆல்பத்தைப் போட்டாள். கடைசிப் பாட்டில் அந்த அரை நிமிடம் வந்தபோது, தயங்கித் தயங்கி மெதுவாக முனகிப் பார்த்தேன். அவள் எழுந்து போகவில்லை.

பொறாமை இன்னும் தீரவில்லை. ஆனாலும் தினமும் என் அரை நிமிடம் முடிந்து அவர் குரல் திரும்ப வரும்போது, அதற்கு வழிவிட்டு என் குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.