நான்கு கலரில் என் சர்க்கரை

முப்பத்து நான்கு மார்க் எடுத்த பிள்ளையை நான் ஒருநாளும் ஃபெயில் ஆக்கியதில்லை. எங்காவது ஒரு ஸ்டெப்புக்கு அரை, இன்னொரு ஸ்டெப்புக்கு அரை என்று தேடிப் போட்டு, முப்பத்தைந்தாக்கி அனுப்பிவிடுவேன். ஐந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்து நான் சேர்த்த புண்ணியம் அது ஒன்றுதான். அதில் ஒரு துளிகூட எனக்குத் திரும்பி வரவில்லை.

கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் ஒருநாள் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, ரத்தம் எடுத்தார்கள். நூற்று நாற்பதுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். எனக்கு நூற்று நாற்பத்தொன்று. (அந்த மிஷினுக்கு மனசாட்சியே கிடையாதா?)

“பார்டர்லைன்தான், பயப்படாதீங்க” என்றார் விருதுநகர் டாக்டரம்மா. பிறகு, தினமும் நான்கு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டும், செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து காட்ட வேண்டும், ஸ்கேன் அடிக்கடி எடுக்க வேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தார். பயப்பட வேண்டியவர்களுக்கு என்ன எழுதிக் கொடுப்பார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் வீடு சிவகாசியில், நாரணாபுரம் போகிற ரோட்டில். கீழே மாமனாரின் பிரஸ், மேலே நாங்கள். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பதுதான் தொழில். சீசனில் மிஷின் ஓடினால் மாடியில் டம்ளரில் இருக்கிற தண்ணீர்கூட நடுங்கும். அந்த நடுக்கத்தில்தான் நான் அன்று வீட்டுக்கு வந்து மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“பார்டர்னா என்னம்மா? இருக்குங்காகளா, இல்லங்காகளா?” என்றார் அத்தை.

“இருக்கு அத்தை. ஆனா கொஞ்சம்.”

“கொஞ்சம் இருந்தா கொஞ்சம் இனிப்புச் சாப்புடலாம்ல?”

“கூடாதாம்.”

“நாலு பிள்ளையையும் நான் பாலுல கருப்பட்டி போட்டுக் குடிச்சுத்தான் பெத்தேன். சீனிலதான் சுகரு. கருப்பட்டில சுகரு கெடையாது.”

நான் எம்.எஸ்ஸி. படித்தவள். கருப்பட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் என்ன சொன்னேன்? “சரிங்க அத்தை” என்றேன். அந்த வருடம் நான் அதிகமாகச் சொன்ன இரண்டு சொற்கள் அவைதான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், கரண்டியோடு நிற்கிற ஒரே ஒரு மாமியார் முன்னால் வாயில்லாப் பூச்சி. அம்மாவிடம் ஓடிவிடலாம் என்றால், அவருக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவரையே யாராவது பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை.

செவ்வாய்க்கிழமைக் கொடுமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு பஸ் ஏறி விருதுநகர் போய் ஒரு குத்து. டப்பாவில் கொண்டுபோனதைச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறு குத்து. அந்த இரண்டு மணி நேரத்தில் முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் என் டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். “இட்லியா கொண்டாந்தீக? அரிசியாச்சே!” என்பார் ஒருவர். “வெந்தயத்த முழுங்கலையா?” என்பார் இன்னொருவர். “ஏம்மா, இந்த வயசுலயா சுகரு?” என்று துணைக்கு வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ மிட்டாய்க் கடையில் திருடிப் பிடிபட்டவள் போல. அவர் கையில் வடை இருந்தது.

இரண்டு வாரம் என் எண்கள் ஏறியே நின்றன. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு நூற்று முப்பத்திரண்டு, நூற்று முப்பத்தெட்டு. நம்ப மாட்டேன். கையைக் கழுவிவிட்டு வேறு விரலில் குத்துவேன். அது ஒரு எண் சொல்லும். மூன்றாவது விரல் மூன்றாவது எண் சொல்லும். எதை எழுதுவது, சராசரி போடலாமா, போட்டால் அது பொய்யாகுமா என்று யோசித்து யோசித்தே இன்னும் இரண்டு புள்ளி ஏற்றியிருப்பேன்.

“என்ன சாப்பிட்டதால கூடுச்சுன்னு பக்கத்துலயே எழுதுங்க. ஒளிக்காம எழுதுங்க” என்ற டாக்டரம்மா கடைசியில் கெடு வைத்தார். “இன்னும் ரெண்டு செவ்வாய் பாப்போம். ரெண்டாவது செவ்வாயும் இப்படியே இருந்தா இன்சுலின்தான்.”

இன்சுலின் போட்டுக்கொள்வதில் தவறில்லை. அது வேண்டியவர்களுக்கு அது மருந்து. ஆனால் எனக்கு வேண்டியது மருந்து இல்லை, ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த ஒரு வாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வாய் இல்லாத கோளாறுக்கு வயிற்றுப் பிள்ளையோடு நான் ஊசி வாங்க வேண்டுமா? பஸ்ஸில் வரும்போது திருத்தங்கல் வரை அழுதேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கி நோட்டைத் திறந்து, மாணவர்களுக்குச் சொல்லித் தருவது போல ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முந்தின நாள் திங்களிலிருந்தே ஒளிக்காமல் எழுத ஆரம்பித்தேன். அங்கேதான் வினை.

நோட்டைத் தூரத்திலிருந்து பார்த்தார் மாமா. கோடுகளைத்தான் பார்த்தார், எழுத்தை இல்லை.

“ஏத்தா, வீட்டுக்குக் கீழ ஆஃப்செட் மிஷின வச்சுக்கிட்டு ஸ்கேல் வச்சுக் கோடு போடுதியா? வெளிய தெரிஞ்சா நம்ம பிரஸ்ஸுக்குக் கேவலம்ல? போட்டோ எடுத்து அனுப்பு. அட்டையா அடிச்சுத் தாரேன்.”

பிரஸ்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெரிய தாளில் லேபிள்களை அடுக்கியபின் ஓரத்தில் வெற்றிடம் இருந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. அங்கே எதையாவது அடித்தே தீர வேண்டும். அந்த வாரம் சங்குசக்கரப் பெட்டி லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் காலி. அங்கே ஏற்றிவிட்டார் என் சர்க்கரையை.

கட்டங்களை மட்டும் எடுத்துப் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பிரஸ்ஸில் டிசைன் பார்க்கும் முத்துலட்சுமி அக்கா, கொடுத்ததில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டார். எப்போதோ ஒரு பார்ட்டியின் லேபிளில் இருந்த தப்பை நல்லெண்ணத்தில் திருத்தப் போய், அந்த லோடு அப்படியே திரும்பி வந்ததாம். அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம்: வந்தது வந்தபடி.

அதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ப்ரூஃப் எனக்கு வந்தது. என் கணவர் கதிர் போனில் அனுப்பி, “பார்த்துட்டு ஓகே சொல்லு” என்றார். நான் பார்த்தேன். எல்லா எண்களையும் நோட்டோடு வைத்து மூன்று தடவை சரிபார்த்தேன். ஒரு எண்ணும் தப்பவில்லை. திருப்தியாக ‘ஓகே’ என்று அனுப்பினேன். எண்களை யார் படிக்கப் போகிறார்கள், எழுத்தைத்தானே படிப்பார்கள் என்று இந்தக் கணக்கு டீச்சர் மூளைக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. மண்டபத்தில் இருநூறு பெண்கள். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல், ஆளுக்கு ஒரு வாய் ஊட்டிவிடத் துடிக்கிற உறவு. நான் ஒவ்வொரு வாய்க்கும் மனதுக்குள் ஐந்து புள்ளி கூட்டிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போது முன்வரிசையில் ஒரு சிரிப்பு. பிறகு இரண்டாம் வரிசையில். பிறகு மண்டபம் முழுக்கத் தாம்பூலப் பைகள் சரசரக்கிற சத்தம்.

மாமா எனக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். ஒவ்வொரு பையிலும் ஓர் அட்டை. “வர்ற பொம்பளையாளுகளுக்கு உபயோகமா இருக்கும்ல” என்று நினைத்தாராம்.

கதிரின் அத்தை, பட்டாசுக் கம்பெனி அத்தை என்று கூப்பிடுவோம், குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். அவர்தான் வாசித்தார்.

“திங்கள், காலை: நூற்று முப்பத்திரண்டு. இரண்டு இட்லி கேட்டேன். அத்தை நான்கு வைத்தார். மூன்றாவதை மறுத்ததும் அவர் முகம் சுருங்கியது. நான்காவதை மறுக்கத் தைரியம் இல்லை.”

கொல்லென்று சிரிப்பு.

“செவ்வாய், இரவு: நூற்று முப்பத்தெட்டு. கருப்பட்டிப் பால். கருப்பட்டியில் சர்க்கரை இல்லை என்கிறார் அத்தை. மீட்டருக்கு இது தெரியவில்லை.”

“ஏ மதினி! இன்னுமா கருப்பட்டி குடுத்துட்டு இருக்கீக?” என்று ஒரு குரல்.

“புதன், மாலை: நூற்று முப்பத்தைந்து. மாமா ரகசியமாகக் கொடுத்த கருப்பட்டி மிட்டாய் இரண்டு. அத்தைக்குத் தெரியக் கூடாது.”

வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். தன் குற்றத்தைத் தானே நான்கு கலரில் ஐயாயிரம் பிரதி அடித்திருக்கிறோம் என்று அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

“வியாழன், மதியம்: நூற்றுப் பதினெட்டு.” பட்டாசுக் கம்பெனி அத்தை மூச்சு வாங்கிக்கொண்டார். “அத்தை வீட்டில் இல்லை.”

அதற்குமேல் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அட்டையைச் சுற்றி சங்குசக்கரப் பொறி பறக்கும் பார்டர் வேறு. கட்டிங்கில் ஒரு நூல் அளவு தள்ளிப்போய், லேபிளின் கடைசி வரியும் அட்டையோடு வந்திருந்தது: ‘பெரியவர்கள் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்தவும்.’

என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மடித்து இடுப்பில் செருகினார். பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டார். “இங்கன வா.”

போனேன்.

“நாலாவது இட்லி வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லத் தெரியாது? எம்புட்டுப் படிச்சிருக்க?”

“சொன்னேன் அத்தை.”

“யாருகிட்டச் சொன்ன? நோட்டுகிட்டச் சொன்ன.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருடத்துக் கோபம் மொத்தமும் அப்போதுதான் வாய்க்கு வந்து சேர்ந்தது. “நீங்க முகத்தச் சுருக்குனா எனக்குப் பயமா இருக்கு அத்தை! ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து தின்னுட்டு, அப்புறம் பிள்ளைக்கு என்னமும் ஆயிருமோன்னு இன்னொரு தடவ பயப்படுறேன். ரெண்டு செவ்வாய்க்குள்ள குறையலன்னா ஊசி போடச் சொல்லிட்டாக. எத்தனை பேருக்குத்தான் நான் பயப்படுறது?” என்று கத்தி, கத்தியதற்கும் பயந்து அழுதேன்.

அத்தை இடுப்பில் செருகிய அட்டையை எடுத்து விரித்தார்.

“என் மொகமே அப்படித்தான்டி” என்றார். “நான் சிரிச்சாலும் அப்படித்தான் சுருங்கும். ஊசின்னு சொன்னாகன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?” பிறகு திரும்பி, மெதுவாகப் படியிறங்கிக்கொண்டிருந்த மாமாவைப் பிடித்தார். “நில்லுங்க. உங்க பேரும் அதுல இருக்கு. அடிக்கும்போது படிக்கலையாக்கும்?”

“கலர் ஒழுங்கா உக்காந்திருக்கான்னுதான் பாத்தேன்” என்றார் மாமா.

மறுநாளிலிருந்து அடுப்படியில் புது ஆட்சி. அது முந்தைய ஆட்சியைவிடக் கொடுமை என்று சொல்லாவிட்டால் நான் நன்றாக இருக்க மாட்டேன். “ரெண்டு இட்லி. எழுதிக்கோ.” “கால் கப்புச் சோறு, ஒரு கப்புக் கீரை. எழுதிக்கோ.” உண்மையிலேயே பசித்து மூன்றாவது இட்லி கேட்டால், “அட்டையில ரெண்டுதான் கேட்டுருக்க” என்று பதில் வரும். சாப்பிட்டதும் மாடியில் பதினைந்து நிமிடம் நடை. எனக்கு முன்னால் அவர் நடப்பார், நான் ஏமாற்றாமல் இருக்க. மாமாவின் சட்டைப் பையை வாசலிலேயே சோதனை போட்டார்.

கெடு வைத்த அந்த இரண்டாவது செவ்வாய், அத்தையும் பஸ் ஏறினார். பட்டுச்சேலை கட்டியிருந்தார். டாக்டரம்மா முன்னால் நான் அட்டையை நீட்டினேன். மேலே அச்சடித்த என் வாக்குமூலம், கீழே காலிக் கட்டங்களில் அந்த ஒன்பது நாள் எண்கள். டாக்டரம்மா மேலே இருப்பதைப் படித்து உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“இவங்கதான் அந்த அத்தையா?”

எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆமா, நாந்தான். நேத்து முழுக்க நான் வீட்டுலதான் இருந்தேன். நூத்திப் பதினாறு. நல்லாப் பாத்துக்கோங்க.”

அன்றைய இரண்டு குத்துகளும் அடங்கியே இருந்தன. இன்சுலின் வேண்டாம், இப்படியே தொடருங்கள் என்றார் டாக்டரம்மா. “ஏதோ பார்டர்ல பாஸ் பண்ணிட்டா” என்று அத்தை வெளியே வந்து, வடைத் தாத்தா உட்பட எல்லோருக்கும் அறிவித்தார். குத்திக்கொண்டது நான், பசியோடு கிடந்தது நான். பாராட்டு வாங்கியது அவர். நான் இன்றுவரை இதை ஆட்சேபிக்கிறேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது இரண்டரை வயது. யாருக்காவது தின்னக் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய மரியாதைச் சொல் ‘எழுதிக்கோ’ என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பாதி கடித்த பிஸ்கட்டைத் தன் அப்பத்தாவின் வாயில் வலுக்கட்டாயமாகத் திணித்து, “எழுதிக்கோ” என்றாள். அத்தைக்கு முகம் சுருங்கியது. வேண்டாம் என்று சொல்லவில்லை. தின்றுவிட்டார்.