கையெழுத்து சேர்த்த பதினோரு ஆட்டக்காரர்கள்

ஐம்பதுகளில் தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்குப் போன எந்தக் கனவானும் எங்கள் 'கையெழுத்து' கண்ணில் படாமல் கப்பல் ஏறியதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சுங்க அதிகாரிக்குத் தப்பியவர்கள் உண்டு. இவருக்குத் தப்பியவர் கிடையாது.

நான் அப்போது அங்கே சுங்க குமாஸ்தா, அபிராமத்திலிருந்து வந்த புதிது. அவர் போர்ட்டர். பாம்பன்காரர், கடலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்கும், யாருக்கும் ஞாபகமில்லை; எல்லாருக்கும் 'கையெழுத்து'தான். தலையில் இரண்டு டிரங்குப் பெட்டி, இடுப்பில் ஒரு நோட்டு. அதில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் பதினோரு பேருடைய படங்கள், பத்திரிகையிலும் சிகரெட் பெட்டியிலும் வெட்டி ஒட்டியவை. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் பெயர்; அதற்கும் கீழே கையெழுத்துக்கு இடம்.

ஒட்டியவன் அவருடைய ஒரே மகன் அருள். ராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். "கொழும்புக்கு வெளையாடப் போறவுக ஒங்க வழியாத்தான போவாக, வாங்கி வையிங்கய்யா" என்று நோட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த மாதமே டைபாய்டு வந்து போய்விட்டான். பதினாலு வயது.

கையெழுத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிரிக்கெட்டும் தெரியாது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெயிலில் வெந்த முகம், இவ்வளவும் சேர்ந்தால் ஆட்டக்காரர். படத்து மூக்கையும் எதிரே நிற்கிற மூக்கையும் ஒத்துப் பார்த்து நோட்டை நீட்டுவார். அவர்களும் போட்டுவிடுவார்கள்! அம்மை குத்திய சீட்டு, பாஸ்போர்ட்டு, சுங்க ஃபாரம் என்று போட்டுப் போட்டே கை ஓய்ந்த மனிதர்கள். இதுவும் ஒரு ஃபாரம் என்று கிறுக்கிவிட்டு ஓடுவார்கள்.

ஒரு தேயிலைத் தோட்டத் துரை மட்டும் முடியாது என்றார். இவர் துரையின் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். கப்பல் ஊதுகிறது, துரை குதிக்கிறார், இவர் அசைந்தால்தானே. கடைசியில் துரை கையெழுத்துப் போட்டு, கோபத்தில் தேதியும் போட்டார்.

எனக்குத்தான் வாசிக்கத் தெரிந்து தொலைத்தது. ஒருநாள் டீக்கடையில் நோட்டைப் புரட்டினேன். கேப்டன் படத்தின் கீழே ஒரு பல் டாக்டர், பட்டத்தோடு. பந்து வீசுகிறவருக்கு அந்தத் துரை. விக்கெட் கீப்பருக்கு ஒரு பாதிரியார், சிலுவைக் குறியோடு. அதுவரை பத்து சேர்ந்திருந்தது. பத்தும் வேறு ஆள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கையெழுத்து கேட்டார். சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பதினொன்றாவது ஒரு மார்கழி மத்தியானம் கிடைத்தது. போட்டவர் யாரோ இன்சூரன்ஸ் ஏஜெண்ட். போர்ட்டர்கள் எல்லாம் கூடி எங்கள் கையெழுத்துக்கு மாலை போட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கைகுலுக்கினார். அவர் மட்டும் சிரிக்கவே இல்லை.

மறுநாள் ரயில் வந்தது, அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் காணோம். நாலாம் நாள் பாம்பனுக்கே போனேன். பட்டப்பகலில் பாயில் சுருண்டு கிடந்தார். மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை என்று அவர் சம்சாரம் அழுதார்.

"அவென் சொன்ன வேல முடிஞ்சிருச்சு தம்பி. இனி அங்கன எனக்கு என்ன இருக்கு?" என்றார்.

மனிதர் இப்படியே போய்விடுவாரோ என்று பயம் வந்துவிட்டது. மாதா படத்தடியில் இருந்த நோட்டை எடுத்தேன்.

"அண்ணே, என்னைய அடிச்சாலும் சரி. இதுல ஒண்ணுகூட ஆட்டக்காரவுக போட்டது இல்ல."

பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினேன். பல் டாக்டர் என்றதும் எழுந்து உட்கார்ந்தார். துரையை வாயார ஏசினார். பாதிரியார் பெயர் வந்தபோது ஏசவும் முடியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். முடித்ததும் என்னை அறையத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, மகன் எழுதிய பென்சில் பெயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கண்ணீர் வழிந்தது.

"அப்ப, பதினோரு பேரும் இனிமேத்தான் வரணுமா தம்பி?"

"ஆமாண்ணே. இனிமேத்தான்."

சம்சாரத்தைப் பார்த்து, கஞ்சி இருந்தால் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் ரயிலுக்கு அரைமணி முன்பே பிளாட்பாரத்தில் நின்றார்.

இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது என்று என்னையும் கூடவே நிறுத்திக்கொண்டார். நான் அங்கே வேலை பார்த்த கடைசி நாள்வரை, இறங்குகிற ஒவ்வொருவரிடமும் அவருக்காக ஓடிப்போய், "ஐயா, நீங்கள் கிரிக்கெட் ஆடுகிறவரா?" என்று கேட்டேன். யாராவது ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.